அப்பாவுக்கு வேகவைத்த கோதுமை

ஒவ்வொரு ஆகஸ்ட் மாதமும் நம் பள்ளிக்கூட வாட்ஸ்அப் குழுவில் உங்களில் யாராவது ஒருவர் அதே கேள்வியைப் போடுகிறார். ஈராக் படை குவைத்துக்குள் வந்த அன்றைக்கு நீ எங்கே இருந்தாய்? உடனே கதைகள் வந்து விழுகின்றன. ஒருத்திக்கு பாஸ்ரா வரை போன லாரி. ஒருவனுக்கு ஜோர்டான் எல்லையில் மணல் பறந்த கூடாரம். இன்னொருத்திக்கு, குளியல் தொட்டி நிறையப் பிடித்து வைத்துப் பாசி பிடிக்கும்வரை குடித்த தண்ணீர். எல்லாவற்றையும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்து படிக்கிறேன். நான் மட்டும் எதுவும் எழுதியதில்லை. அந்த வருடம் நான் லீவுக்கு ஊருக்குப் போயிருந்தேன் என்று உங்களில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

நான் ஊரில் இல்லை. சைப்ரஸ் தீவில், கடலோரத்தில், நாற்பது ஐம்பது வீடுகள்கூட இல்லாத ஒரு மீனவர் கிராமத்தில் இருந்தேன். எனக்குப் பத்து வயது.

அங்கே போனது அம்மாவின் வேலையால். அம்மா ஆஸ்பத்திரி நர்ஸ் இல்லை. ஒரு குவைத்தி வீட்டில், பக்கவாதம் வந்து வலது கை விழுந்துபோன ஒரு வயதான அரபு அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் தனி நர்ஸ். அந்த அம்மாவின் மகன்தான் என் அம்மாவுக்குக் கஃபீல், விசா கொடுத்த முதலாளி. டாக்டர் கடற்காற்று நல்லது என்று சொல்லிவிட்டாராம். நாங்கள் குடியிருந்த ஃபஹாஹீலில் இல்லாத கடற்காற்றா என்று அப்பா கேட்டார். மகன் அந்தக் கோடைக்குத் தீவில் ஒரு வீட்டின் கீழ்த்தளத்தை வாடகைக்கு எடுத்தார். நகரத்துச் சத்தம் அரபு அம்மாவுக்கு ஆகாது என்பதால் கிராமம். என் அம்மா இல்லாமல் அவர் நகரமாட்டார். அப்பாவுக்கு ரிஃபைனரியில் எலெக்ட்ரீசியன் வேலை, ஷிஃப்ட் டூட்டி. பள்ளிக்கூடம் மூடியிருந்தது. என்னைத் தனியாக ஃபிளாட்டில் விட முடியாது. அதனால் நானும் போனேன்.

ஏர்போர்ட்டில் அப்பா என் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டே, "மக்ளே, அம்மையப் பாத்துக்கோ. அவளுக்குப் பிளேன்ல காது அடைக்கும்" என்றார். அம்மா, "வெள்ளிக்கிழமை பூசைக்கு மறக்காம போங்க. தூங்கிராதீங்க" என்றாள். எந்த வெள்ளிக்கிழமையும் சொல்லும் பேச்சுதான் அது.

கிராமத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் அம்மா கடலைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். குளச்சல் பக்கத்துக் கடலில் பிறந்தவள். "இது கடலா, குளமா? அலையே இல்ல" என்றாள். நீல வண்ணம் அடித்த படகுகள் அசையாமல் நின்றன. துணி உலர்த்தும் கொடியில் எட்டுக்கால் கணவாயைக் கிளிப் போட்டுத் தொங்கவிட்டிருந்தார்கள். புளியங்காய் போலக் கருத்த நீளக் காய்கள் தொங்கும் ஒரு மரத்தடியில் எங்கள் டாக்சி நின்றது. அந்தக் காயை ஒடித்தால் கெட்ட வாடை வரும். கடித்தால் வெல்லம்போல் இனிக்கும். காப்பிக்கடையில் கிழவர்கள் பகடை உருட்டி விளையாடினார்கள். அந்தக் கட்டைகள் பலகையில் விழும் சத்தம் பகல் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருக்கும்.

மேல்தளத்தில் வீட்டுக்காரி இருந்தாள். கறுப்புப் பாவாடை, கறுப்பு மேல்சட்டை, கறுப்புத் துணி கட்டிய தலை. வெள்ளைக்காரர் காலத்தில் எங்கோ சமையலறையில் வேலை பார்த்ததால் கொஞ்சம் ஆங்கிலம் தெரியும். வினைச்சொல்லின் காலம் அடிக்கடி தடுமாறும் ஆங்கிலம். என்னைக் 'கோரி' என்று கூப்பிட்டாள். மகளே என்று அர்த்தமாம். முதல் நாளே எனக்கு வறுத்த பாலாடைக்கட்டியும் தர்பூசணியும் கொடுத்தாள். அந்தக் கட்டியைக் கடித்தால் பல்லில் கீச்சென்று சத்தம் வரும்.

கீழ்த்தளத்தில் எங்களுக்கு மூன்று அறைகள். நான்காவது அறை பூட்டியிருந்தது. சனிக்கிழமை காலையில் வீட்டுக்காரி சாவியோடு இறங்கி வந்து, அந்த அறையைத் திறந்து, தூசி தட்டி, தரையைத் துடைத்துவிட்டு மறுபடி பூட்டுவாள். வாசலில் நின்று எட்டிப் பார்த்தேன். ஒரு தையல் மிஷின், சுருட்டி வைத்த கம்பளம், அடுக்கிய தட்டுகள், சட்டம் போட்ட ஒரு கல்யாணப் படம். படத்தில் இருந்தவர்கள் இவள் ஆட்கள் இல்லை.

"இது யார் வீடு?" என்று கேட்டேன்.

"அவங்க வீடு" என்று படத்தைக் காட்டினாள். "துருக்கி ஆளுங்க. சண்டை வருது. அவங்க வடக்கே போறாங்க. நான் வடக்கிலிருந்து இங்க வாறேன். என் வீட்ல இப்ப வேற யாரோ இருக்காங்க."

"பிறகு ஏன் இவங்க சாமானத் துடைக்கிறீங்க?"

"என் சாமானை அங்க ஒருத்தி துடைப்பா" என்றாள். துடைப்பாளா என்று கேட்டேன். தோளைக் குலுக்கினாள்.

தீவை இரண்டாகப் பிளந்த அந்தச் சண்டை நடந்து அப்போதே பதினாறு வருடம் ஆகியிருந்தது. தெருக்கோடியில் ஆட்கள் இல்லாத ஒரு மசூதி பூட்டிக் கிடந்தது. அரபு அம்மா அதைப் பார்த்துவிட்டு அங்கே தொழ வேண்டும் என்று அடம்பிடித்தார். சாவி யாரிடம் இருந்தது தெரியுமா? வீட்டுக்காரியிடம். சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு நாங்கள் போனோம். அவள் முன்னே போய்ப் புறா எச்சத்தைச் சுரண்டிப் பெருக்கினாள். அரபு அம்மா தொழுது முடிக்கும்வரை விளக்குமாற்றைக் கையில் பிடித்தபடி வாசலில் நின்றாள். இரண்டு பேருக்கும் ஒரே ஒரு பாஷைகூடப் பொதுவாக இல்லை. வரும் வழியில் அரபு அம்மா விழாத கையால் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஒரு மத்தியானம் வீட்டுக்காரி என்னை மாடிக்குக் கூப்பிட்டு ஓர் அலமாரியைத் திறந்து காட்டினாள். உள்ளே சட்டைகள். இஸ்திரி போட்டு மடித்து அடுக்கிய ஆண்கள் சட்டைகள். அவளுக்கு ஒரே மகன். சண்டைக்குப் போனான், பத்தொன்பது வயது. செத்தான் என்று யாரும் சொல்லவில்லை. திரும்பியும் வரவில்லை. வருடத்துக்கு ஒரு சட்டை வாங்கி வைக்கிறாள். அடியில் இருந்தது ஒல்லியான பையனுக்கான சட்டை. மேலே வர வர அளவு பெரிதாகிக்கொண்டே போனது.

"இப்ப அவனுக்கு முப்பத்தஞ்சு" என்றாள். தன் வயிற்றைத் தட்டிக் காட்டினாள். "அவன் அப்பா மாதிரி வயிறு போட்டிருக்கும்."

கீழே வந்து அம்மாவிடம் சொன்னேன். நான் சிரித்துக்கொண்டே சொன்னேன். அம்மா சிரிக்கவில்லை.

"ஏட்டி, இனிமே மேல போகப்பிடாது, கேட்டியா? அந்தப் பொம்பளைக்குப் புத்தி செரியில்ல. செத்தவனுக்குச் சட்டை வாங்குகா."

"செத்தாரான்னு தெரியாதாம்மா."

"பதினாறு வருசமா வராதவன் பெறகு என்ன செய்வான்" என்று அம்மா மருந்து டப்பாவை மூடினாள்.

அதற்கு அடுத்த வாரம் ரேடியோவில் செய்தி வந்தது.

காலையில் அரபு அம்மா ரேடியோவை மடியில் வைத்துக்கொண்டு குர்ஆன் கேட்பார். அன்றைக்கு ஓதல் வரவில்லை. ஓர் ஆண் குரல் அவசரமாகப் பேசியது. அவர் வாயில் கை வைத்தார். அம்மாவுக்கு அரபு அரைகுறை. "என்ன மாமா, என்ன?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அரபு வீட்டில் எஜமானியை மாமா என்றுதான் கூப்பிடுவார்கள், உங்களுக்குத்தான் தெரியுமே. அவர், "குவைத் மாஃபி" என்றார். குவைத் இல்லை. இரண்டே சொல்.

கிராமத்தில் ஒரே ஒரு போன், காப்பிக்கடையில். அம்மா டயல் செய்தாள். மணி அடிக்கவே இல்லை. கடல் இரைச்சல் மாதிரி ஒன்று கேட்டது. மறுநாளும் அதேதான். அரபு அம்மாவின் மகன் லண்டனில் மாட்டிக்கொண்டார். அங்கிருந்து இரண்டு முறை கூப்பிட்டார். அவருக்கும் ஒன்றும் தெரியாது. அவருடைய இரண்டு பையன்கள் குவைத்தில் இருந்தார்கள்.

அதன்பிறகு எங்கள் வீட்டில் மூன்று பெண்கள் ஒரு ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். வீட்டுக்காரி கேட்காமலேயே இறங்கி வந்து உட்கார்ந்துகொள்வாள். செய்தி முடிந்ததும் அம்மாவைக் கையைப் பிடித்து எழுப்பி, பீன்ஸ் நறுக்கக் கொடுப்பாள். "உக்காந்தா மூளை தின்னும். கை வேலை செய்யணும்" என்பாள். அம்மா நறுக்கினாள். இருவரும் பேசிக்கொள்ளமாட்டார்கள். ஆனால் பீன்ஸ் தீர்ந்ததும் அடுத்த கூடை வரும்.

என்னிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. "அப்பாவுக்கு டூட்டி ஜாஸ்தி, அதான் போன் வரல" என்றாள் அம்மா. ரேடியோவை நானும்தான் கேட்டுக்கொண்டிருந்தேன் என்பது அவளுக்குத் தோன்றவில்லை.

அப்போதுதான் எனக்கு அந்த எண்ணம் வந்தது. காணாமல் போனவர்கள் எல்லோரும் பூட்டிய அறைக்குள்தான் இருக்கிறார்கள் என்று. துருக்கிக்காரர்கள், வீட்டுக்காரியின் மகன், இப்போது என் அப்பா. மத்தியானம் எல்லோரும் கண் அசந்த பிறகு அந்தக் கதவில் காதை வைத்து உட்காருவேன். மரம் குளிர்ச்சியாக இருக்கும். உள்ளேயிருந்து பழைய சோப்பு வாடை வரும். ஒரு நாள் அப்பாவின் இருமல் கேட்டது. அப்பா சிகரெட்டை நிறுத்திய பிறகும் காலையில் மூன்று தடவை அடுத்தடுத்து இருமுவார், கடைசி இருமல் மட்டும் நீளமாக இருக்கும். அதே மாதிரி. இன்றைக்கும் அதைக் கற்பனை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "அப்பா" என்று மெதுவாகக் கூப்பிட்டேன். பிறகு எதுவும் கேட்கவில்லை. சனிக்கிழமை வீட்டுக்காரி கதவைத் திறந்தபோது நான் கடற்கரைக்கு ஓடிவிட்டேன். உள்ளே அப்பா இல்லாவிட்டால் என்ன செய்வது?

போன் வந்த அன்றைக்கு நல்ல வெயில். காப்பிக்கடைக்காரர் தெருவில் நின்று கையைத் தட்டி எங்களைக் கூப்பிட்டார். அம்மா செருப்பில்லாமல் ஓடினாள். நானும் பின்னால் ஓடினேன்.

கூப்பிட்டது தூத்துக்குடி மாமா. அப்பாவோடு ஒரே கம்பெனியில் வேலை. நாங்கள் கிளம்பிய பிறகு அப்பாவுக்குத் துணையாக எங்கள் ஃபிளாட்டில் வந்து தங்கியிருந்தவர். சமையலறைச் சுவரில் அப்பா எழுதி வைத்திருந்த காப்பிக்கடை நம்பரை நினைவில் வைத்துக்கொண்டு, ஜோர்டான் வழியாக பம்பாய் வந்து சேர்ந்ததும் கூப்பிட்டிருக்கிறார். அம்மா கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே நின்றாள். பிறகு, "நீ பாத்தியாடே? ஒன் கண்ணால பாத்தியா?" என்றாள். இன்னொரு முறையும் அதையே கேட்டாள். பிறகு போனை மேசை மேல் படுக்க வைத்தாள். அதற்குள்ளிருந்து மாமாவின் குரல் "அக்கா... அக்கா..." என்று கேட்டுக்கொண்டே இருந்தது. காப்பிக்கடைக்காரர்தான் எடுத்துத் தாங்கியில் வைத்தார்.

அப்பா கம்பெனி பிக்கப்பை எடுத்துக்கொண்டு குவைத் சிட்டிப் பக்கம் போனார், அந்த வண்டி ரோட்டோரம் எரிந்து கிடந்தது, அப்பா திரும்பவில்லை. மாமா சொன்னது இவ்வளவுதான். நானே பார்த்தேன் என்றும் சொன்னார். உண்மையில் அவர் பார்க்கவில்லை; வேறொருவர் சொல்லிக் கேட்டார். கேள்விப்பட்டேன் என்று சொன்னால் அக்கா நம்பாமல் தீவிலேயே காத்துக் கிடப்பாள், பிள்ளையோடு ஊருக்குப் போய்ச் சேரமாட்டாள் என்று நினைத்தாராம். நல்லதற்கென்று நினைத்துச் சொன்னார். அதை அவரே அழுதுகொண்டு சொன்னது பின்னால்.

அம்மா அழவில்லை. அரபு அம்மாவுக்கு வேளை தவறாமல் மாத்திரை கொடுத்தாள். மறுநாள் என்னைக் கூட்டிக்கொண்டு கிராமத்துக் கோயிலுக்குப் போனாள். நாங்கள் கத்தோலிக்கர், அவர்களுடையது ஆர்த்தடாக்ஸ். பாதிரியாருக்கு நீளத் தாடி. இறந்தவருக்கு ஜெபம் வைக்க வேண்டும் என்று அம்மா கேட்டாள். அவர் சரி என்றார். வெளியே வரும்போது வாசலில் வீட்டுக்காரி நின்றாள். ஓடி வந்திருக்க வேண்டும், மூச்சு வாங்கியது. இரண்டு கைகளையும் நிலையில் ஊன்றி வழியை அடைத்தாள்.

"கண்ணால் பார்த்தாரா, போன் பேசின ஆள்?" என்றாள்.

அம்மாவுக்கு அன்றைக்கு ஆங்கிலம் போய்விட்டது. தமிழ்தான் வந்தது. "பாத்தானாம்னு சொல்லு" என்றாள். சொன்னேன்.

"எதைப் பார்த்தார்? முகத்தையா, வண்டியையா?"

நான் அம்மாவிடம் சொன்னேன். அம்மா குரலை உயர்த்தினாள். "இவளுக்கு என்ன வேணுமாம்? நானும் இவள மாதிரி வருசத்துக்கொரு சட்டை வாங்கி அடுக்கிட்டு இருக்கணுமா? எனக்குப் பைத்தியம் பிடிக்கணுமா? கேளு அவகிட்ட."

வீட்டுக்காரி என் முகத்தைப் பார்த்தாள். "அம்மாவுக்குத் தலை வலிக்கிறது" என்றேன்.

"கோரி, உன் அம்மாகிட்ட சொல்லு. வண்டிக்கு ஜெபம் வைக்க வேண்டாம். முகத்தைப் பார்த்த பிறகு வைக்கலாம். ஒரு தடவை வச்சுட்டா அவர் திரும்பி வந்தாலும் வாசல் திறக்காது."

இதை நான் தமிழில் சொன்னேனா என்று நினைவில்லை. அம்மா அவள் கைக்கு அடியில் குனிந்து, என்னையும் இழுத்துக்கொண்டு வெளியே போனாள்.

ஞாயிற்றுக்கிழமை ஜெபம் நடந்தது. பாதிரியாரின் மனைவி கோதுமையை வேகவைத்து, மாதுளை முத்தும் பாதாமும் உலர்ந்த திராட்சையும் கலந்து, மேலே சர்க்கரைப் பொடி தூவிக் கொண்டுவந்தார். அரபு அம்மா சக்கர நாற்காலியில் வெளியே வேப்பமரம் போலிருந்த ஏதோ ஒரு மரநிழலில் உட்கார்ந்து தஸ்பீஹ் மணிமாலையை உருட்டினார். பாதிரியார் அப்பாவின் பெயரை வாய்க்கு வந்தபடி நீட்டி நீட்டிப் பாடினார். முடிந்ததும் எல்லோருக்கும் ஒரு சின்னக் காகிதப் பையில் கோதுமை கொடுத்தார்கள். எனக்குப் பசி. அவ்வளவு ருசியாக இருந்தது. மாதுளை பல்லில் உடைந்து புளித்தது. இன்னொரு பை கேட்டேன். கொடுத்தார்கள். தின்று முடித்த பிறகு, "இது எதுக்கு அம்மா?" என்று கேட்டேன்.

"அப்பாவுக்கு" என்றாள் அம்மா.

எனக்குச் சொல்லப்பட்டது அப்படித்தான். அந்த ஒரு சொல்லில்.

வெகுகாலம் அம்மா மேல் எனக்குக் கோபம் இருந்தது. வீட்டுக்காரிதான் சரி என்று நினைத்தேன். அம்மாவின் அப்போதைய வயதை நான் தாண்டிய பிறகு அவ்வளவு தைரியமாகச் சொல்ல முடிவதில்லை. அம்மாவுக்குக் கால் ஊன்ற ஒரு தரை வேண்டியிருந்தது. செத்துவிட்டார் என்பது ஒரு தரை. அதன்மேல் நின்றுகொண்டு டிக்கெட் கேட்கலாம், பெட்டி கட்டலாம், பிள்ளையை வளர்க்கலாம். தெரியாது என்பதன்மேல் எப்படி நிற்பது? வீட்டுக்காரி பதினாறு வருடம் நின்றாள். அது எல்லோராலும் முடியுமா?

அரபு அம்மாவின் மகள் சவூதியில், அல் கோபாரில் இருந்தாள். மகன் ஏற்பாடு செய்து அவரை அங்கே அனுப்பினார். எங்களுக்கு ஊருக்கு டிக்கெட் வந்தது. கிளம்பும்போது வீட்டுக்காரி மாடியிலிருந்து இறங்கி வந்து, அலமாரியின் அடியில் இருந்த அந்த ஒல்லிச் சட்டையை என் கையில் கொடுத்தாள். "மெலிஞ்சு வருவார். இது சரியா இருக்கும்" என்றாள். அம்மா அவளைப் பார்க்காமல் டாக்சியில் ஏறினாள். ஏர்போர்ட்டில் அம்மா அந்தச் சட்டையை என் மடியிலிருந்து எடுத்து, பக்கத்து நாற்காலியில் வைத்தாள். எங்களைக் கூப்பிட்டபோது எழுந்து நடந்தாள். நான் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். வெள்ளைச் சட்டை, நீலக் கோடு. யாரும் எடுக்கவில்லை.

ஊரில் எங்கள் பங்குக் கோயிலில் இன்னொரு பூசை. அம்மா வெள்ளைச் சேலைக்கு மாறினாள். அப்பாவின் பாஸ்போர்ட் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு, முன்னால் ஒரு சிவப்பு பல்பு மாட்டினார்கள்.

மழை தொடங்கிய மாதத்தில் ஒரு முற்பகல், பஸ்ஸிலிருந்து அப்பா இறங்கினார். தாடி, தோளில் ஒரு பிளாஸ்டிக் பை, இரண்டு காலிலும் வெவ்வேறு செருப்பு. தெருவே கூடிவிட்டது. யாரும் கிட்டே போகவில்லை. அப்பா வீட்டுக்குள் வந்தார். படத்தைப் பார்த்தார். பல்பைப் பார்த்தார். கையைத் துடைத்துக்கொண்டு பல்பைக் கழற்றினார்.

"வயர சரியா மாட்டல. புள்ள தொட்டா ஷாக் அடிக்கும்" என்றார்.

அம்மா அடுப்படி நிலையைப் பிடித்தபடி நின்றாள். "சாப்டியளா?" என்றாள். பிறகுதான் உட்கார்ந்தாள், உட்கார்ந்தவள் சாயங்காலம் வரை எழுந்திருக்கவில்லை.

இப்படித்தான் முடிந்திருக்க வேண்டும், இல்லையா? நீங்கள் எல்லோரும் இந்த இடத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டு கை கூப்பும் பொம்மையைப் போடுவீர்கள். ஆனால் எனக்கு அவர் அப்பாவாக இல்லை. நான் கோதுமை தின்றவள். என் அப்பாவை அனுப்பிவைத்தாயிற்று. அந்தப் பூட்டிய அறையிலிருந்து எவரோ ஒருவர் அப்பாவின் இருமலை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார் என்றே நம்பினேன். அவர் இருக்கும் அறையில் தனியாக நிற்கமாட்டேன். அப்பா என்னை அதட்டவில்லை, இழுத்துப் பிடிக்கவும் இல்லை. ஜன்னல் ஓரம் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து வேர்க்கடலை உரிப்பார். பாதியை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு எழுந்து போய்விடுவார். நான் பிறகு வந்து எடுத்துத் தின்பேன். கிறிஸ்துமஸ் போய், பள்ளிக்கூட வருடம் முடிந்து, மறுபடி வெயில் வந்த பிறகுதான் ஒரு நாள் அவர் எழுந்து போகும் முன்னே நான் வந்து உட்கார்ந்தேன். அவர் என்னைப் பார்க்காமல் உரித்துக்கொண்டே இருந்தார்.

நடந்தது இது. அப்பாவோடு வேலை பார்த்த ஒரு பலஸ்தீன நண்பர், வெள்ளிக்கிழமைப் பூசையில் பழக்கம், மனைவிக்குப் பிரசவ வலி என்று ஓடி வந்திருக்கிறார். அப்பா கம்பெனி பிக்கப்பின் சாவியைக் கொடுத்திருக்கிறார். மறுநாள் வண்டி எரிந்து கிடப்பதாகக் கேள்விப்பட்டு, அவரைத் தேடி நடந்தே சிட்டிக்குப் போயிருக்கிறார். வழியில் ரோடுகளை அடைத்துவிட்டார்கள். ஃபஹாஹீலுக்குத் திரும்ப முடியவில்லை. டூட்டியில் இருந்த தூத்துக்குடி மாமாவுக்கு இது எதுவும் தெரியாது; அப்பாதான் வண்டியை எடுத்துப் போனார் என்று நினைத்து, அதற்குள் கிளம்பிப் போய்விட்டார்.

"வண்டிக்குள்ள ஆள் இல்ல" என்று அப்பா அம்மாவிடம் சொல்லிக் கேட்டிருக்கிறேன். "எறங்கிப் போனாரா, எடுத்துட்டுப் போனாவளா, தெரியல. அவரு வீடு பூட்டிக் கெடந்துச்சு. நான் சாவி குடுத்திருக்கப்பிடாது."

"குடுக்காட்டி அந்தப் பொம்பள தெருவுலல்லா பெத்திருப்பா. விடுங்க" என்பாள் அம்மா.

சண்டை முடிந்து அப்பா மறுபடி குவைத் போனார். நாமெல்லாம் மறுபடி ஒரே வகுப்பில் உட்கார்ந்தோம். பலஸ்தீனக்காரர்களில் பெரும்பாலோர் அதற்குள் நாட்டைவிட்டுப் போயிருந்தார்கள். அந்த நண்பரின் ஃபிளாட்டில் வேறு ஆட்கள். விசாரிக்க ஓர் ஆள் கிடைக்கவில்லை. வருடா வருடம் ஆகஸ்ட்டில் அப்பா ஒரு பூசைக்குச் சொல்வார், இறந்த ஆன்மாவுக்கு என்று. யார் என்று சாமியார் கேட்டால், "ஒரு சிநேகிதர்" என்பார்.

ஐந்தாறு வருடங்களுக்கு முன் அப்பா விசிட் விசாவில் என்னோடு தோஹாவில் வந்து தங்கினார். அந்தக் கிராமத்தில் நடந்ததையும், வீட்டுக்காரி கோயில் வாசலை மறித்துச் சொன்னதையும் எப்போதோ நான் அவரிடம் சொல்லியிருந்தேன்; அவராக அதற்கு முன் ஒருநாளும் கேட்டதில்லை. ஒரு நாள் டீ குடித்துக்கொண்டே, "அந்தச் சட்டைக்கார அம்மாவ ஒரு தடவ பாக்கணும் மக்ளே" என்றார். ஊருக்குப் போன் போட்டு, நீயும் வருகிறாயா என்று அம்மாவைக் கேட்டேன். "எனக்கு அங்க என்ன இருக்கு? நீங்க போயிட்டு வாங்க" என்றாள்.

போனோம். கடற்கரையில் ஹோட்டல்கள் வந்திருந்தன. நேபாளத்துப் பையன்கள் குடை விரித்துக்கொண்டிருந்தார்கள். அந்த வீட்டில் வேறு யாரோ இருந்தார்கள். காப்பிக்கடைக்காரரின் மகன்தான் இப்போது கடையை நடத்துகிறார். என்னை அடையாளம் தெரியவில்லை, ஆனால் சக்கர நாற்காலியில் வந்த அரபுக் கிழவியை நினைவிருந்தது. வீட்டுக்காரி இறந்து வெகுநாள் ஆகிறது என்றார். அவள் போன பிறகு, வடக்கே ஒரு வயலில் தோண்டியபோது மகனின் எலும்புகள் கிடைத்தனவாம். கொண்டுவந்து அவள் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள்.

"அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எங்களுக்கு அது ஒரு நிம்மதி" என்றார்.

நான் அப்பாவுக்குத் தமிழில் சொன்னேன். அப்பா கேட்டுவிட்டு, காப்பியின் அடியில் கிடந்த வண்டலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "கடைசிவரை வாங்கினாவளா சட்டை?" என்றார். கடைக்காரரிடம் கேட்டேன். ஆமாம் என்றார்.

கோயிலுக்குப் போனோம். பாதிரியார் இளைஞர், நல்ல ஆங்கிலம். என் அப்பாவுக்கு இங்கே ஒருமுறை இறந்தோர் ஜெபம் நடந்தது என்று சொன்னேன். அவர் அப்பாவை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சிரித்தார். அப்பாவும் சிரித்தார். உள்ளே மெழுகும் சாம்பிராணியும் கலந்த அதே வாடை. அப்பா ஒரு தூணைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, "ஒரு ஆளுக்கு ஜெபம் வைக்கணும், வைப்பாரான்னு கேளு" என்றார்.

பாதிரியார், "பெயர்?" என்றார்.

அப்பா நண்பரின் பெயரைச் சொன்னார். அந்தப் பெயரை அவர் முழுதாகச் சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

"எங்கள் முறையில் இரண்டு உண்டு" என்றார் பாதிரியார். "உயிரோடு இருப்பவர்களுக்குத் தனி ஜெபம், இறந்தவர்களுக்குத் தனி ஜெபம். இவரை எதில் சேர்ப்பது?"

நான் மொழிபெயர்த்தேன். இந்த முறை ஒரு சொல்லையும் மாற்றவில்லை. பதில் எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்தேன். முப்பது வருடமாக அப்பா ஆகஸ்ட் பூசைக்கு என்ன சொல்லி வருகிறார் என்று எனக்குத் தெரியாதா? பாதிரியாரும் அப்படியே நினைத்திருக்க வேண்டும், பாதி திரும்பிவிட்டார்.

அப்பா என் தோளைத் தொட்டு நிறுத்தினார்.

"உயிரோட இருக்கவங்களுக்குள்ளதில" என்றார். "நான் மொகத்தப் பாக்கலல்லா."